சுவரோரத்துக்கு ஒரு சொல்

காரைக்குடி, விரிவுரையாளர்:
அனைவருக்கும் வணக்கம். காற்றும் நீரும் பாயும் விதத்தைப் படிக்கும் பாய்ம இயக்கவியல் பட்டறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது; அதில் ஒரு சொல்லுக்குத் தமிழ் வேண்டும். நம் பக்கத்து வீட்டு முற்றத்துக் காற்றோட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் பயிற்சி. சுவரைத் தொடும் இடத்தில் காற்றின் வேகம் பூச்சியம். கொஞ்சம் தள்ளினால் கிடுகிடுவென ஏறும். கணக்குக்காக வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிப்போம்; சுவரிலிருந்து உள்ள தூரத்தை ஒய்-பிளஸ் என்னும் அலகற்ற எண்ணால் அளப்போம். சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் மையத்தை ஒய்-பிளஸ் 1 அளவில் வைத்துச் சமன்பாடுகளைச் சுவர்வரை நேரடியாகத் தீர்க்கலாம். இல்லையேல் 30-க்கு மேல், தூரத்தின் மடக்கைக்கு (லாகரிதம்) ஏற்ப வேகம் ஏறும் 'மடக்கை விதி' செல்லும் அடுக்கில் நிறுத்திவிட்டு, கீழே நடப்பதைச் சூத்திரத்தால் இட்டு நிரப்பலாம். இரண்டுக்கும் பொதுவாக 'வால் ட்ரீட்மென்ட்' என்கிறோம். 'சுவர் சிகிச்சை' என்று ஒரு பையன் எழுதியே விட்டான். இதற்கு நல்ல தமிழ்ச்சொல் சொல்லுங்கள்.

தேவகோட்டை, புலவர்:
சுவரொட்டுநெறி. ஒட்டிய, ஒட்டுகின்ற, ஒட்டும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. சுவர் என்பதே மேட்டைக் குறிக்கும் 'சுவல்' என்பதோடு உறவுடையது என்பது என் துணிபு. மதிலுக்கு 'இஞ்சி' என்றும் பெயருண்டே; 'இஞ்சிநெறி' இன்னும் சுருக்கம்.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியை:
ஐயா, சுவரொட்டி என்றால் இங்கே ஆட்டு மண்ணீரல். இஞ்சியும் சேர்ந்தால் வறுவல்தான் வரும், பாடம் வராது. 'சுவரோரக் கையாளல்' போதாதா?

பள்ளத்தூர், பொறியாளர்:
கணக்கில் வரும் 'ஃபங்ஷன்' என்பதற்குப் பள்ளிப் புத்தகத்தில் 'சார்பு' இருக்கிறதே, 'சுவர்ச்சார்பு' என்றால் என்ன?

காரைக்குடி:
அது இரண்டாவது வழிக்கு மட்டும்தான் பொருந்தும். 1974-இல் லாண்டரும் ஸ்பால்டிங்கும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. சுவர்வரை தீர்ப்பவர் எந்தச் சார்பையும் நம்பி இல்லை.

தேவகோட்டை:
மேலும், சுவர்ச்சார்பு என்றால் திண்ணையில் சாய்ந்திருப்பது.

பள்ளத்தூர்:
சரி, விட்டேன். ஒய்-பிளஸ் 5-க்கும் 30-க்கும் நடுவில் பாகுநிலையும் (காற்றின் பிசுபிசுப்பு) முழுதாக ஆளாது, மடக்கை விதியும் பொருந்தாது. அந்த அடுக்குக்குப் பெயர் வைத்தாயிற்றா? முதல் கட்டம் அங்கே விழுந்தால் விடை கோணலாகிறது.

கானாடுகாத்தான்:
இரண்டுங்கெட்டான் அடுக்கு.

காரைக்குடி:
ஆச்சி, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்!

தேவகோட்டை:
பேச்சு வழக்கு. 'இடையடுக்கு' என்க.

பள்ளத்தூர்:
இடையில் இருப்பது தெரியும் ஐயா, கெட்டது தெரியாதே. இன்னொன்று: முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு வழவழவென்று இருக்கும்; வழுவழுப்புச் சுவர் என்றே கணினிக்குக் கொடுக்கலாம். காரை பெயர்ந்த வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) சொரசொரப்பைக் கொடுக்காவிட்டால் மடக்கைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

காரைக்குடி:
சேர்க்கிறேன். வேறு எவரும் எழுதவில்லை, பக்கம் கட்டுபவர் நச்சரிக்கிறார். 'சுவரோரக் கையாளல்' என்றே போகட்டும்.

தேவகோட்டை:
போகட்டும். 'கையாளல்' வெறும் தொழிற்பெயர், கலைச்சொல் ஆகாது என்ற என் மறுப்பையும் குறித்துக்கொள்க. சுவல் பற்றித் தனி மடல் வருகிறது.