மக்னீசியப் பொடியும் லேசரும்: நேரில் பழகியவர்கள் சொன்னவை

தக்கலையிலிருந்து:

மக்னீசியக் கலவைப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, எலும்பில் பொருத்தியபின் உடலுக்குள் தானாகக் கரைய வேண்டிய நுண்துளைத் துண்டுகளை உருவாக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்கு முன் டைட்டானியப் பொடியோடு பழகியிருந்ததால், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால் மக்னீசியம் 650 டிகிரி செல்சியஸில் உருகி, ஏறக்குறைய 1090 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. லேசர் படும் இடத்தில் வெப்பம் இந்தக் குறுகிய இடைவெளியை எளிதில் தாண்டிவிடுவதால், உருகி ஒட்ட வேண்டிய உலோகத்தில் ஒரு பங்கு புகையாக எழும்பி, மேலிருந்து வரும் கதிரையே மறைத்துவிடும். பெட்டிக்குள், எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு அந்தப் புகையை உடனுக்குடன் வாரிச் செல்லும்படி ஓட்டத்தை மாற்றி அமைக்கவே எங்களுக்கு ஏழு மாதங்கள் பிடித்தன.

ஒரு நாள் தரையில் சிந்திய பொடியை ஈரத்துணியால் துடைக்கப் போன புதிய மாணவர் ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். தண்ணீரோடு சேர்ந்தால் மக்னீசியம் ஹைட்ரஜனை வெளியிடும். தீப்பற்றிய பொடியில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கவும் கூடும். அந்தக் கூடத்தில் அன்றுவரை ஒரு வாளி உலர்மணல்கூட வைக்கப்படவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

குளச்சலிலிருந்து:

கடலில் வள்ளத்தில் வழுக்கி விழுந்து என் தகப்பனாருக்குக் கால் எலும்பு முறிந்தபோது எஃகுத் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிய பிறகு அதை எடுப்பதற்காக மீண்டும் அறுவை செய்ய வேண்டியிருந்ததால், மீன்பாடு நன்றாக இருந்த பருவம் முழுவதும் அவர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். தானாகக் கரையும் உலோகம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தக்கலையிலிருந்து:

குளச்சல் அண்ணன் கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும். கரையும் மக்னீசியத் திருகுகள் 2013 முதலே ஐரோப்பாவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் அவை துளையில்லாத, வழக்கமான முறையில் செய்யப்பட்ட திருகுகள். லேசரில் அச்சிடும் நுண்துளைத் துண்டுகள் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே இருக்கின்றன. எலும்பும் இரத்தக்குழாய்களும் உள்ளே வளர்வதற்காக முந்நூறு மைக்ரானுக்கும் (0.3 மில்லிமீட்டருக்கும்) மேற்பட்ட அகலமுள்ள துளைகளை விடுகிறோம். அந்தத் துளைகளே திரவம் படும் பரப்பைப் பன்மடங்கு பெருக்கிக் கரைவதை வேகப்படுத்துகின்றன. ஒரு கிராம் மக்னீசியம் முழுவதும் கரைந்தால் சுமார் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும். 1907-ல் லாம்போட் என்ற பெல்ஜிய அறுவை மருத்துவர் முறிந்த கால் ஒன்றில் தங்கமுலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்திய மக்னீசியத் தகடு எட்டே நாளில் சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது. எங்கள் முதல் துண்டும் உப்புக் கரைசலில் குமிழ்விட்டு மூன்றாம் நாளே நொறுங்கியது. அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்த பொடிமணிகளை அமிலத்தில் நீக்கி, மேலே ஆக்சைடு பூச்சு ஏற்றியபோது கரைவது வெகுவாகக் குறைந்தது.

நாங்கள் பயன்படுத்திய டபிள்யூஇ43 என்ற மக்னீசியக் கலவையில் யிட்ரியம், நியோடிமியம், சிர்க்கோனியம் ஆகியவை உண்டு. இவற்றுள் நியோடிமியம் கலந்த மோனசைட் என்ற கனிமமும், சிர்க்கோனியத்தைத் தரும் சிர்க்கான் என்ற கனிமமும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் நெஞ்சை நிறைக்கும் செய்தி.

நாகர்கோவிலிலிருந்து:

நான் குழாய் வேலையும் கீசர் பழுதுபார்ப்பும் செய்பவன். லேசரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் கீசர் தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமலிருக்க, அதற்குப் பதிலாகத் தன்னைத் தின்னக் கொடுக்கும் மக்னீசியக் கம்பிகளைப் பல ஆண்டுகளாக மாற்றி வருகிறேன். உப்புக் கூடிய ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் அவை சீக்கிரமே தேய்ந்துவிடுகின்றன. சென்ற வாரம் கழற்றிய கம்பி ஒன்று ஓரிடத்தில் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி தெரியுமளவுக்குக் கரைந்தும், ஒரு சாண் தள்ளிப் பழைய பருமனிலேயே நின்றும் இருந்தது.

தக்கலையிலிருந்து:

எங்கள் துண்டுகளும் இப்படித்தான் ஒரே சீராகக் கரையாமல், துளைகளைச் சுற்றியுள்ள மெல்லிய கால்களில் ஒன்று மட்டும் மெலிந்து அங்கேயே முறிந்தன. அந்தக் கம்பியை எறிந்துவிடாதீர்கள், அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.