பால்டர்ஸ் கேட் 2 கணினி விளையாட்டு முதல் பாகத்தை உண்மையிலேயே மிஞ்சியதா?

பழைய_கணினி:
1998-இல் வந்த அண்ணனை 2000-இல் வந்த தம்பி தூக்கிச் சாப்பிட்டுவிட்டான் என்பது என் கட்சி. முதல் பாகத்தில் கூட்டாளியாகச் சேர்க்க 25 பேர் உண்டு. ஆனால் சேரும்போது நாலு வார்த்தை பேசுவார்கள், அப்புறம் முக்கால்வாசிப் பேர் ஊமை. இரண்டாவதில் ஆட்களைக் குறைத்து, இருப்பவர்களுக்கு வாயைக் கொடுத்தார்கள். கூட்டாளி ஜஹேராவின் கணவன் காலித் தொடக்க நிலவறையிலேயே பிணமாகக் கிடப்பான். அந்தத் துக்கம் பிறகு அவள் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். முதல் பாகத்தில் இப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கோபோல்டு_குமார்:
பேச்சு சரிதான் அண்ணா, ஊர் சுற்றும் சுகம் எங்கே போனது? முதலாவதில் காட்டின் ஓரம் வரை நடந்தால் அடுத்த பகுதி திறக்கும். சில இடங்களில் நாலு ஓநாயைத் தவிர ஒன்றுமே இருக்காது. எனக்கு அதுவே பிடித்தது. இரண்டாவதில் யாராவது வந்து வேலை சொன்னால்தான் வரைபடத்தில் புது இடமே முளைக்கும்.

பழைய_கணினி:
அந்த நாலு ஓநாய் போதுமே கதையை முடிக்க! முதல் நிலை மந்திரவாதிக்கு அதிகபட்சம் 6 உயிர்ப்புள்ளி. ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்துப் படியில் நிற்கும் கூலிக் கொலைகாரனிடம் எத்தனை முறை செத்தீர்கள்? நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கோபோல்டு_குமார்:
ஏழெட்டு முறை. இன்றும் மறக்கவில்லை பாருங்கள். சண்டை நடுவே வாள் உடையும் ஞாபகம் இருக்கிறதா? நாட்டில் இரும்பு கெட்டுப்போய்விட்டது என்று யாரோ சொல்லித் தெரிவதில்லை, நம் கையிலேயே தெரிந்துவிடும். இரண்டாவதில் அனுபவப் புள்ளி 29,50,000 வரை ஏறும் (முதலாவதில் 89,000தான்). அதற்கேற்ப டிராகன், லிச் (செத்தும் சாகாத மந்திரவாதி) என்று வரிசை கட்டுகிறார்கள். எதிரி மந்திரவாதி மேல் பாதுகாப்புக்கு மேல் பாதுகாப்பு. வெங்காயம் உரிப்பதுபோல் ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும், கண்ணீரும் வரும்.

மாலினி_ஆர்:
உரிப்பதுதானே சுகமே! சரி, எனக்கு இரண்டாவதுதான் உசத்தி, ஆனால் ஒரு குறை உறுத்துகிறது. தங்கை மாதிரி வளர்ந்த இமோயனைப் பிடித்துப் போகிறார்கள். மீட்க 20,000 பொன் வேண்டும், ஓடு ஓடு என்கிறது கதை. நானோ டி'ஆர்னிஸ் கோட்டையில் பூதங்களை விரட்டிக்கொண்டு, ட்ரேட்மீட்டில் விலங்குகளின் தாக்குதலை நிறுத்திக்கொண்டு ஊர் மேய்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் அவள் காத்திருப்பாள். கதைக்கு அவசரம், ஆட்டத்துக்கு இல்லை.

கோபோல்டு_குமார்:
வாங்க மாலினி அக்கா, நம்ம கட்சி!

பழைய_கணினி:
அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி மேய்ந்ததற்குக் கூலியும் உண்டே. போர்வீரனாக ஆடினால் அந்தக் கோட்டையே உங்களுக்கு, திருடனுக்குத் தனிக் கூட்டம், பாணனுக்கு ஒரு நாடகக் கொட்டகை. முதல் பாகத்தில் எந்த வகைப் பாத்திரம் எடுத்தாலும் அதே காடு, அதே ஓநாய்.

கோபோல்டு_குமார்:
நாடகக் கொட்டகையா? இத்தனை வருடத்தில் பாணனாக ஆடவே இல்லையே நான். சரி, இன்றைக்கு ராத்திரி தொடங்குகிறேன். அந்தத் தொடக்க நிலவறையை மட்டும் இன்னொரு தடவை என்னால் முடியாது. அதைத் தாண்ட ஒரு மாட் (ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்பு) உண்டே, பெயர் என்ன?

மாலினி_ஆர்:
டன்ஜன்-பி-கான்.