பொருள்: 'இம்பாக்ட்' (impact) – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வணக்கம். எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் அறக்கட்டளையின் மதிப்பீட்டுப் படிவத்தைத் தமிழாக்குகிறேன். மூன்று கட்டங்கள். எத்தனை பயிற்சி, எத்தனை பிள்ளைகள் என்பது முதலாவது. 'செய்தவை' என்று போட்டேன். பிள்ளைகளிடம் தெரியும் மாற்றம் 'விளைவு'. மூன்றாவதுதான் 'இம்பாக்ட்': இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் வந்தே இருக்காத நெடுநாள் மாற்றம். 'தாக்கம்' என்றால் புயல்தான் நினைவுக்கு வருகிறது. திங்களன்று அச்சு.

நகரியிலிருந்து:
டீச்சர், நாளேடுகளில் ஊறிய சொல். அதையே போடுங்கள்.

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர், அதே பெயரில் ஊர் வைத்திருக்கும் ஆந்திரக்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டாம்):
கூடாது. மலையாளத்திலும் இதே கூத்து: 'சாமூஹிகாகாத படனம்' (சமூகத் தாக்க ஆய்வு). மலையாள 'ஆகாத'மும் அடிதான். நிலமெடுப்புக்கு அது பொருந்தும், பந்துக்கு எதற்கு? குறள் 676இல் 'படுபயன்' இருக்கிறதே! வினை முற்றியபின் எய்துவது. படுதல் என்றால் உண்டாதல். பாடு, பண்பாடு எல்லாம் இந்த வேர்தான்.

நகரியிலிருந்து:
பரிமேலழகர் அதைப் 'பெரும்பயன்' என்றல்லவா கொள்கிறார், மாஷ்? படுதோல்வி, படுபாவி, படுபயன்! அதோடு, பயன் என்றாலே நல்லது நடந்ததாகத் தீர்ப்பு எழுதியாயிற்று. அணியில் இடம் கிடைக்காத பிள்ளை மனமொடிந்து பள்ளிக்கே வராமல் போனால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மூணாறிலிருந்து:
கென்யாவின் நைரோபியில் 1987இல் தொடங்கிய மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், குப்பை அள்ளும் அணிக்கு லீக் புள்ளி உண்டு. அள்ளிய குப்பை முதல் கட்டம், தெரு சுத்தமானது இரண்டாவது. புள்ளி இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு தெருவைப் பார்த்துக்கொள்கிறார்களா, அது ஆட்டத்தால்தானா என்பதல்லவா மூன்றாவது? இங்கே ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் பிள்ளைதான் மைதானத்துக்கும் வருகிறது. மைதானம்தான் அதை ஒழுங்காக்கியது என்று எழுதிக்கொள்கிறோம். அந்த 'இதனால்' சொல்லிலேயே வரவேண்டும். 'ஆட்டவழி மாற்றம்'?

சித்தூரிலிருந்து:
ஆடு போகும் வழி என்று படிப்பார்கள். எங்கள் பக்கம் ஆட்டுப்பட்டிகள் அதிகம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
மூணாறுக்கு நன்றி. தலைப்பில் 'தாக்கம்'தான், நகரி சொன்னபடி. அதன் கீழே ஒரு வரி: 'பயிற்சி நடக்காமலிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்குமா?' அனுப்பிவிட்டேன்.

சித்தூரிலிருந்து:
அந்த வரி போதும் என்றால் தாக்கம் எதற்கு? என் எதிர்ப்பு இருக்கட்டும். 'படு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன். முதலில் 'படுக்கை'.