புதுப்பிப்பு: நாக் குழு வந்து போய்விட்டது

எங்கள் கல்லூரி நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டுக்குத் தயாராகிறது, ஐந்தாண்டுக் கோப்புகளை எங்கிருந்து திரட்டத் தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். "சுவருக்கு வண்ணம் பூசுவதை விடுங்கள், ஆவணங்களைப் பாருங்கள்" என்று பதில் எழுதிய நண்பருக்கு நன்றி. குழுவின் ஆய்வு முடிந்தது. தரநிலை இனிமேல்தான் வர வேண்டும்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்களை மதிப்பிட்ட, 2017-இல் வந்த முறையில் சுமார் 70 விழுக்காடு மதிப்பு, எண்ணிக்கையாகக் காட்ட வேண்டிய விவரங்களுக்கே இருந்தது. குழு வாசற்படி ஏறும் முன்பே, தரவுச் சரிபார்ப்பில் அந்தப் பகுதி முடிந்துவிட்டது. எங்களை வறுத்தெடுத்ததும் அங்கேதான். கருத்தரங்கு நடத்தினோம் என்றால் அழைப்பிதழ் மட்டும் போதாது. தேதியிட்ட அறிக்கை, வருகைப் பட்டியல், எடுத்த இடம் பதிவான புகைப்படம் எல்லாம் வேண்டும். மேற்படிப்புக்குப் போன பழைய மாணவர்களைத் தொலைபேசியில் துரத்தித் துரத்திச் சேர்க்கைச் சான்று வாங்கினோம். ஒருவர் தன் கல்யாண வேலைக்கு நடுவே பல்கலைக்கழக அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினார். அவர் நன்றாக இருக்கட்டும்!

அந்த முறையில், எங்களைப் போல் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிகளுக்கு 1000-இல் 350 மதிப்பெண் கற்றல், கற்பித்தல், மாணவர் மதிப்பீட்டுக்கு. நிர்வாகமோ நுழைவாயிலில் நீரூற்று வைத்தது. குழுவினர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டு மாணவர்களிடம் நெடுநேரம் பேசினார்கள்.

இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்த வாரத்திலேயே துறைகளிடம் கோப்பைக் கேட்டு வாங்குகிறோம். நாக்குக்கு ஆண்டுதோறும் அனுப்பும் தர அறிக்கைக்கு எப்படியும் தேவைப்படும். முணுமுணுப்பு இருக்கிறது. தரநிலை வந்ததும் எழுதுகிறேன்.