மெட்டபோலோமிக்ஸ், பயோமார்க்கர்: என்ன சொல்லலாம்?

> மெட்டபோலைட் = வளர்சிதைமாற்றப் பொருள்
> மெட்டபோலோமிக்ஸ் = வளர்சிதைமாற்றவியல்
> பயோமார்க்கர் = நோய்ச்சுட்டுப்பொருள்

ஐயா, நீங்கள் அனுப்பிய மூன்று சொற்களில் முதல் சொல் நீளம்தான், ஆனால் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. இலங்கையில் வளர்சிதைமாற்றத்தை ‘அனுசேபம்’ என்பார்கள். ‘அனுசேபப் பொருள்’ என்றால் வாய்க்கும் எளிது. என் ஓட்டு அதற்கே.

‘வளர்சிதைமாற்றவியல்’ இடிக்கிறது. குருதிச் சர்க்கரையை மட்டும் அளந்தால் அது மெட்டபோலோமிக்ஸ் ஆகாது. மூலக்கூறுகளை நிறையை வைத்துப் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியில் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை அள்ளிப் பார்ப்பதுதான் இத்துறை. ஆகவே ‘தொகை’ உள்ளே வந்தாக வேண்டும்: அனுசேபத்தொகையியல்.

பயோமார்க்கர் என்பது உடலின் நிலையைக் காட்டும் அளவீடு. அதற்கான மூன்றாவது சொல்லில் ‘நோய்’, ‘பொருள்’ இரண்டுமே தவறு. காசநோயில் அதிகம் பேசப்படுவது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்கும் அது சிதைந்து உண்டாகும் கைனுரெனினுக்கும் உள்ள விகிதம். நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதமான இண்டர்ஃபெரான் காமா தூண்டும் ஐடிஓ நொதி டிரிப்டோஃபானைச் சிதைத்துக் கைனுரெனின் பாதையில் தள்ளுவதால் கைனுரெனின்/டிரிப்டோஃபான் விகிதம் ஏறுகிறது. விகிதத்தைப் பொருள் என்பது எப்படி? லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய அமினோ அமிலங்கள் நீரிழிவு தலைகாட்டுவதற்குப் பல ஆண்டு முன்பே உயர்ந்திருந்ததை அமெரிக்காவின் நெடுங்கால ஃபிரேமிங்காம் இதய ஆய்வின் தரவு 2011இல் காட்டியது. அப்போது நோயே இல்லையே!

> ‘உயிரிச்சுட்டி’ என்றால்?

உயிரி என்றால் ஓர் உயிரினம். காற்று மாசைக் காட்டும் லைக்கனுக்கு அதை விட்டுவிடுவோம். ‘உயிர்க்குறிப்பான்’ போதும். அந்த விகிதம் எச்ஐவி போன்ற வேறு தொற்றுகளிலும் ஏறும். எனவே அறுதியிடாமல் குறிப்பால் உணர்த்தும் சொல்லே பொருத்தம்.

சொல் நிற்குமா என்பது செய்முறைக் குறிப்பில் வைத்தால்தான் தெரியும். எழுதிப் பார்த்தேன்:

“அனுசேபத்தொகையியல் ஆய்வுக்குக் குருதியை ஈடிடிஏ (உறைதல் தடுப்பான்) குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் வை. 30 நிமிடத்துக்குள் மையவிலக்கியில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரி. −80 பாகை செல்சியசில் சேமி. தாமதித்தால் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைக் கக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5–7 விழுக்காடு குளுக்கோஸ் குறையும். சிவப்பணு உடைந்தாலோ உள்ளிருக்கும் ஆர்ஜினேஸ் நொதி வெளிவந்து ஆர்ஜினினை ஆர்னித்தினாக்கும். பிறகு ஒரு பங்கு பிளாஸ்மாவுக்கு மூன்று பங்கு குளிர்ந்த மெத்தனால் விட்டுப் புரதத்தை வீழ்படிவாக்கு. எல்லா மாதிரியிலும் சிறிது எடுத்துக் கலந்த பொதுக்கலவையைப் பத்து மாதிரிக்கு ஒருமுறை ஓட்டு. அதிலேயே 30 விழுக்காட்டுக்கு மேல் ஆடும் உச்சியை (வரைபடத்தில் ஓர் அனுசேபப் பொருளைக் காட்டும் முனை) உயிர்க்குறிப்பான் பட்டியலிலிருந்து விலக்கு.”

ஓடுகிறது. இன்னொரு வசதி: நீரிழிவுக்காரரையும் மற்றவரையும் மிக அழகாகப் பிரிக்கும் உச்சி கடைசியில் அவர் விழுங்கும் மருந்தான மெட்ஃபார்மினாக இருந்து தொலைக்கும், சிகிச்சை தொடங்கிய காசநோயாளியிடம் ஐசோநியாசிட் என்ற மருந்து. இவற்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘போலிக்குறிப்பான்’ தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘போலிநோய்ச்சுட்டுப்பொருள்’ என்று சொல்லிப் பாருங்கள்.