உயர்நிலை வகுப்பு மாணவர்களைப் பள்ளி நூலகத்தில் வாசிக்க வைப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நூலகப் பாடவேளையில் வீட்டுப்பாடம் எழுதுகிறார்களே தவிர, அலமாரிப் பக்கம் திரும்புவதே இல்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அலமாரிகள் பூட்டியிருந்தால் முதலில் திறந்து வையுங்கள். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பதுதான். நாங்கள் இருபது நூல்களை அட்டை தெரியும்படி வாசலருகே மேசையில் பரப்பி வைத்தபோது, அதுவரை எட்டியும் பாராத ஒரு மாணவி, எறும்புகளைப் பற்றிய நூலை நின்றபடியே பத்துப் பக்கம் படித்துவிட்டு, வீட்டிற்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டாள்.

மறுமொழி 2:
படித்த நூலுக்கெல்லாம் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், ஐயா. பிடிக்காததைப் பாதியிலேயே திருப்பித் தரவும் அனுமதியுங்கள்.

கேட்டவர்:
அலமாரிகள் பூட்டித்தான் கிடக்கின்றன. நாளையே சாவியைக் கேட்டு வாங்குகிறேன்.