கிராபிக்ஸ் எல்லாம் லோ-வில் வைத்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறவில்லை. வேறு எதைக் குறைப்பது?

கேள்வி:
கேமிங் லேப்டாப். 6 கோர் சிபியு, 6 ஜிபி விரேம் (கிராபிக்ஸ் சிப்பின் தனி மெமரி), 8 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் திரை. ஓப்பன் வேர்ல்ட் கேமில் ஊருக்கு வெளியே 70 எஃப்பிஎஸ் வருகிறது, நகரத்துக்குள் போனதும் 40. ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி ஆக்கியும் அதே 40தான். சார்ஜர் செருகியிருக்கிறது, டிரைவரும் புதியது.

பதில் 1:
விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது நண்பரே. 720பி-யில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வரைய வேண்டிய பிக்சல் பாதிக்கும் குறைவு. அப்படியும் எஃப்பிஎஸ் நகரவில்லை என்றால் தடை ஜிபியு இல்லை, கேமின் கணக்குகளைப் போடும் சிபியு. இந்த நிலையில் ரெசல்யூஷனைக் குறைப்பதால் படம் மங்குவதுதான் மிச்சம், 1080பி-க்கே திரும்புங்கள்.

உறுதிசெய்ய எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு யூசேஜ், ஒவ்வொரு கோரின் யூசேஜ், சிபியு கிளாக் (ஓடும் வேகம்), வெப்பம் நான்கையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரின் மொத்த சிபியு சதவீதத்தை நம்ப வேண்டாம். கேமின் முக்கிய த்ரெட் (வேலைத் தொடர்) ஓடும் ஒரு கோர் திணறும்போதும் மொத்தம் 40% என்றே காட்டும்.

குறைக்க வேண்டியவை: கூட்டத்தின் அடர்த்தி, டிரா டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரை காட்சி வரையப்படும்), ஷேடோ தூரம். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் முறை) இருந்தால் முதலில் அதை அணையுங்கள், அது சிபியுவுக்கும் சுமைதான். டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) மீடியத்துக்கு ஏற்றலாம். விரேம் நிரம்பாதவரை அது எஃப்பிஎஸ்ஸைப் பெரிதாகத் தொடாது; நிரம்பினால் மட்டும் கேமராவைத் திருப்பும்போது வெட்டி வெட்டி ஓடும்.

பதில் 2:
ரேமையும் பாருங்கள். டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1/2 என்றிருந்தால் சிங்கிள் சேனல், அதாவது ரேம் ஒரே பாதையில் ஓடுகிறது. சிபியு தடைபடும் இடங்களில் இதனால் எஃப்பிஎஸ் நன்றாகவே அடிவாங்கும். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். நகரத்தில் ஜிபியு 55%, ஒரு கோர் 98%. ஸ்லாட் 1/2. கூட்டத்தைக் குறைத்ததும் 52 வந்தது. ஆனால் கால் மணி நேரத்தில் சிபியு 95 டிகிரி தொட்டு, கிளாக் 4.0-லிருந்து 2.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. எஃப்பிஎஸ் மறுபடி 43.

பதில் 1:
அது தெர்மல் த்ராட்லிங், சூடு தாங்காமல் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது. லேப்டாப்பின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், ஃபேன் துவாரத் தூசியை எடுங்கள். பிறகு பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்'டை 99% ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ (சிபியு தற்காலிகமாகக் கூட்டிக்கொள்ளும் வேகம்) நின்றுவிடும். உச்ச வேகம் போகும், ஆனால் கிளாக் ஏறி இறங்காது. டர்போ இல்லாமல் 2.6-க்கும் கீழே நின்றால் பழையபடி 100% ஆக்கிவிடுங்கள்.

ரேம் போட்ட பிறகு எஃப்பிஎஸ்ஸை 48-ல் பூட்டுங்கள். உங்கள் 144 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படுகிறது (ரெஃப்ரெஷ்); அந்த 144-ஐ 3-ஆல் வகுத்தால் 48. ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக மூன்று ரெஃப்ரெஷ் நிற்கும், 20.8 மில்லிசெகண்ட். 52-க்கும் 43-க்கும் இடையே ஆடுவதைவிட இது கண்ணுக்கு எவ்வளவோ மேல். வெப்பமும் குறையும். திரையில் அடாப்டிவ் சிங்க் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப திரையே ரெஃப்ரெஷை மாற்றிக்கொள்ளும் வசதி) இருந்தால் வகுத்தல் கணக்கு தேவையில்லை, 50-லேயே பூட்டலாம்.